ம்

டிராம்போனை விற்க ஆள் பார்த்தாயிற்று. தக்கலைக்காரர்.
முன்பணம் இரண்டாயிரம், மீதி ஞாயிற்றுக்கிழமை.
பெட்டியைத் துடைக்க உட்கார்ந்தேன்.
உள்ளே சிவப்பு வெல்வெட் ஒரு மூலையில் பிரிந்து கிடந்தது.
விரலை விட்டால்
காய்ந்த எண்ணெய்க் குப்பி,
முட்டம் திருவிழா நோட்டீஸில் பாதி,
அப்புறம் அந்த கேசட்.

மேலட்டையில் எட்டுப் பேர்.
கறுப்புக் கோட்டும் ஒல்லி டையுமாக
ஒரு பஸ்ஸின் முன்னால் நிற்கிறார்கள்.
ஏழு பேர் முறைக்கிறார்கள்.
டிராம்போன் வைத்திருப்பவன் மட்டும் சிரிக்கிறான்.
பெயர் இருந்த இடத்தை உப்பு தின்றுவிட்டது.

ததேயு கொண்டு வந்தது. கப்பலில் குசினிக்காரன்.
கிங்ஸ்டனில் மூன்று நாள் நங்கூரம் கிடந்தபோது
எட்டுக் கட்டி சோப்புக்கு மாற்றினானாம்.
"லேய், இவனுவளும் உன்னப் போல
கன்னம் வீங்கி ஊதுறானுவ, கேட்டுப் பாரு."
கேட்டேன். தொண்ணூற்றி நாலு, ஆனி மழை.
ஒன்றரைப் பாட்டு.
"சவம், தாளம் தெரியாதவனுவ" என்று அணைத்தேன்.
நான் அப்போது பேண்ட் மாஸ்டர்.
மணக்குடி முதல் பூத்துறை வரை
எந்தக் கோயில் தேரும்
என் இடது கால் சொன்னபடிதான் நகரும்.

நேற்று ராத்திரி, குளச்சல் ஏலக்கூடத்துப் பக்கம்
ஐஸுக்காக நின்ற மீன் வண்டியில்
இன்னமும் கேசட் போடுகிற பெட்டி இருந்தது.
டிரைவர் பிரின்ஸ்லி கண்ணைத் திறக்காமலே
"போடும், சத்தம் குறச்சி" என்றான்.
நாடா தொளதொளத்துக் கிடந்தது.
வலை கட்டும் ஊசியை விட்டுச் சுற்றினேன்.

முதலில் வெறும் இரைச்சல்.
பிறகு எட்டுப் பேரும் ஒன்றாக வந்தார்கள்.

எண்ணினேன். பழக்கம் விடவில்லை.
ஒண்ணும் ரெண்டும் மூணும் நாலும்.
கிட்டார் ஒண்ணில் விழவில்லை,
ரெண்டிலும் இல்லை.
நடுவே நான் கவனிக்காமல் சொல்லிப் போகிற
அந்த "ம்"மில் விழுந்தது.
ஒவ்வொரு "ம்"மிலும், ஒருதரமும் பிசகாமல்.
வள்ளம் அலையேறி உச்சியில் ஒரு நொடி
அடியில் ஒன்றுமில்லாமல் நிற்குமே,
அங்கே ஆளை நிறுத்தி அடித்திருக்கிறார்கள்.

நாலாவது பாட்டு பைய நடந்தது.
பாஸ் கிட்டார் வண்டிக் கதவை நடுங்க வைத்தது.
டிரம்
முதல் அடியைச் சும்மா விட்டுவிட்டு
மூன்றாவதில் வந்து உட்கார்ந்தது.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

கிளீட்டஸ். எங்கள் பெரிய டிரம்.
குறும்பனையில் கெபி திறந்த அன்று
முதல் அடியை விட்டான்.
திரும்பி முறைத்தேன். மறுபடி விட்டான்.
தேர் தூக்கியவர்களுக்குக் கால் பின்னியது.
பங்குச் சாமியார் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.
ஓரத்தில் நின்ற பொடியன்கள் மட்டும் இடுப்பை ஆட்டினார்கள்.
அன்றைக்கே கணக்குத் தீர்த்து
நூற்றி இருபது ரூபாயைக் கையில் திணித்து
"உனக்குக் காது கெடையாது" என்றேன்.
எல்லாரும் நிற்கும்போதுதான் சொன்னேன்.
அதற்கு முந்தின மாசம் முழுக்க
இந்த கேசட் அவன் வீட்டில் இருந்தது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அவன் மச்சினனை எழுப்பி நம்பர் வாங்கினேன்.
ஷார்ஜாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறானாம்.
எடுத்தான். யாரென்று கேட்டான்.
எனக்குப் பேச வரவில்லை.
போனை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தேன்,
ஒரு பாட்டு முழுக்க.
பின்னால் ஐஸ் கொட்டினார்கள்.
பிரின்ஸ்லி எழுந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு
பீடி வாங்கப் போனான்.

"கிளீட்டஸே," என்றேன்,
"அண்ணைக்கு நீ தப்பா அடிக்கல்ல."

ஒண்ணு. சத்தமில்லை.
ரெண்டு.
"ம்" என்றான்.

அப்புறம்,
"திருப்பிப் போடும் மாஸ்டரே.
நான் அடிச்சது மறுபக்கத்துல உள்ளது."